பெரட்டில் பெயர் இல்லாத குச்சி

விடிவதற்கு வெகுமுன்பே தண்டவாளத் துண்டை அடிக்கும் சத்தம் கேட்கும். அம்மாவும் அப்பாவும் உளியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு இருட்டில், வேலையாட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு நடப்பார்கள். தோட்டக் குமாஸ்தாவான கிராணி பேரேட்டை விரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிடும்போது அங்கே நிற்பவருக்குத்தான் அன்றைய நிரை, அதாவது பால் வெட்டும் மர வரிசை. ஐந்து நிமிடம் பிந்தினால், காய்ச்சல்காரப் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாலும், வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். காலைக் குளிரில்தான் கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரம் தாராளமாகப் பால் விடும். வெயில் ஏற ஏற ஓட்டம் சுருங்கிவிடும். மரத்தின் நேரத்துக்கு மனிதர்கள் ஓடினார்கள். மலேசியாவின் நெகிரி செம்பிலானில், ரந்தாவுக்கும் லிங்கிக்கும் இடையில் இருந்த எங்கள் தோட்டத்தில் நான் பார்த்து வளர்ந்த விடியல் இது.

கணினிக்கும் ஒரு பெரட்டு உண்டு என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. மின்விசையைத் தட்டியதும், திரையில் நமக்குப் பழக்கமான எதுவும் வருமுன், தாய்ப்பலகையில் குடியிருக்கும் பயாஸ் என்ற சின்ன நிரல் பெயர் கூப்பிடத் தொடங்குகிறது. நினைவகம் இருக்கிறதா? விசைப்பலகை? வட்டு? பதில் சொன்ன வட்டுகளில் ஒன்றைப் பிடித்து அதன் முதல் 512 பைட்டைப் படிக்கிறது. அந்த 512இல் எழுப்பும் நிரலுக்கென்று இருக்கும் இடம் 446 பைட்தான். கடைசி இரண்டு பைட்டில் 55, ஏஏ என்ற அடையாளக் குறி இருந்தால், இது எழுப்பத் தெரிந்த வட்டு என்று நம்பி வேலையை அதனிடம் ஒப்படைத்துவிடுகிறது. கூப்பிட்ட நேரத்தில் அங்கே இல்லாதது, வந்து நின்றும் பேரேட்டில் பெயர் இல்லாதது, இரண்டுக்கும் அன்றைக்கு வேலை கிடையாது.

தோட்ட ஆபீசுக்குக் கணினி வந்தது எண்பதுகளின் கடைசியில். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. கிராணி கையால் எழுதிக்கொண்டிருந்த சம்பளச் சீட்டு அந்த மாதத்திலிருந்து ஓரத்தில் துளை போட்ட தாளில், கிரீச்சென்று சத்தமிடும் அச்சுப் பொறியில் வந்தது. பள்ளி விட்டதும் நாங்கள் ஆபீஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்ப்போம். உள்ளே போக அனுமதி இல்லை. கேட்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் நாங்கள்.

தொண்ணூறுகளில் சிரம்பானில் ஒரு கணினிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு நெகிழ்வட்டு இருக்கும். 1.44 எம்பி. விண்டோஸ் 98 தொடக்க வட்டு. மோட்டாரை எடுத்துக்கொண்டு பகாவ், தம்பின், போர்ட்டிக்சன் என்று எந்த ஊருக்குப் போனாலும், எந்தக் கம்பெனி பெட்டியாக இருந்தாலும், அந்த வட்டைச் செருகினால் இயந்திரம் எழுந்து உட்காரும். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம்கூடப் பெரும்பாலும் கொள்ளாத அந்தச் சதுரத் தகட்டை எல்லாப் பெட்டிகளும் அடையாளம் கண்டுகொண்டன. சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம் 2000ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹனோவர் கண்காட்சியில் 'தம்ப் டிரைவ்' என்று பெயரிட்ட யூஎஸ்பி குச்சியைக் காட்டியது. நிறுவனத்தின் பெயரை மறந்து நாங்கள் இன்றுவரை எல்லாக் குச்சியையும் தம்ப் டிரைவ் என்றுதான் சொல்கிறோம். ஆயிரம் நெகிழ்வட்டுகளுக்கு மேல் கொள்ளும் குச்சி விரல் நீளத்தில் வந்தபோது, இனி எழுப்புவது இன்னும் எளிதாகிவிடும் என்று நம்பினேன். நடந்தது வேறு.

அதற்குள் எங்களைச் சுற்றியிருந்த காடு மாறிக்கொண்டிருந்தது. கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்த் தாமான் என்ற வீட்டுக் குடியிருப்புகள் வந்தன. 1996இல் நாட்டின் மல்டிமீடியா பெருவழித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1998இல் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்தார்கள். நீலாய், லாபு, செண்டாயான் பக்கத்துத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக நகரமாகின. எங்கள் தோட்டமும் விற்கப்பட்டது. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் பிரிந்து போனோம். தமிழ்ப்பள்ளியை வேறு இடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். பெயர்ப்பலகையில் 'தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. இன்று அங்கே படிக்கும் பிள்ளைகளில் ஒருவரும் தோட்டத்தைப் பார்த்ததில்லை.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிகள் மூடின, பாடம் திரைக்குப் போனது. மல்டிமீடியா பெருவழிக்கு ஒரு மணி நேரத் தொலைவுக்குள், ஐந்தாவது மாடி வீட்டில், மூன்று பிள்ளைகள் அப்பாவின் ஒரே கைப்பேசிக்காக இரவு அவர் வேலை முடிந்து வரும்வரை காத்திருந்தார்கள். இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. அந்த வீடு என் தங்கையின் வீடு. ஆணை தளர்ந்த நாட்களில், ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய பதினோரு கணினிகளைக் கோயில் மண்டபத்தில் கொண்டுவந்து இறக்கினோம். ஒரு காலத்தில் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த சாமான், இப்போது யாருக்கும் வேண்டாம் என்றானபிறகு எங்களிடம் வந்து சேர்ந்தது.

என் மடிக்கணினியில் ஒரு குச்சியைத் தயார் செய்து எடுத்துப் போனேன். 64 ஜிபி, புதியது. பதினொன்றில் இரண்டுதான் அதைக் கண்டுகொண்டன.

அடுத்த ஆறு வாரம் மண்டபத் தரையில் உட்கார்ந்து நான் கற்றதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் இந்த முதல் தோல்வியிலேயே 'பெட்டி செத்துவிட்டது' என்று குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பெட்டி சாகவில்லை. குச்சியின் பெயர் அதன் பேரேட்டில் இல்லை, அவ்வளவுதான்.

முதல் காரணம், குச்சியைத் தயார் செய்த முறை. இன்றைய கணினிகள் பயாஸை விட்டு யூஇஎஃப்ஐ என்ற முறைக்குப் போய்விட்டன. அவை முதல் 512 பைட்டை நம்பி எழுவதில்லை. குச்சியில் ஒரு குறிப்பிட்ட கோப்பைத் தேடுகின்றன. என் மடிக்கணினி தன் வழக்கப்படி குச்சியை ஜிபிடி என்ற புதிய பாகப்பிரிவில் அமைத்திருந்தது. பழைய பெட்டிக்கு எம்பிஆர் என்ற பழைய பிரிவும், அதில் ஒரு பாகம் 'செயலில் உள்ளது' என்ற குறியும் வேண்டும். ரூஃபஸ் போன்ற கருவியில் இரண்டு தேர்வை மாற்றிக் குச்சியை மறுபடி எழுதினேன். மேலும் நான்கு பெட்டிகள் எழுந்தன.

இரண்டாவது, குச்சி எங்கே நிற்கிறது, எப்போது வருகிறது என்பது. முன்பக்கத் துளைகள் பெரும்பாலும் நீண்ட கம்பி வழியாகத் தாய்ப்பலகைக்குப் போகின்றன. பழைய பெட்டிகளில் அந்தக் கம்பி தளர்ந்திருக்கும். பின்பக்கத் துளையில் செருக வேண்டும். அதுவும் மின்விசையைத் தட்டுவதற்கு முன்பே. பெயர் கூப்பிட்டு முடிந்தபின் செருகினால், அம்மா பிந்தி வந்த காலைதான். இன்னொரு தொல்லை: சில பயாஸ்களில் குச்சி 'நீக்கக்கூடிய சாதனம்' என்ற வரிசையில் வராது. 'வன்வட்டு முன்னுரிமை' என்ற உள்பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும். அங்கே போய் அதை மேலே ஏற்றினால்தான் தெரியும். ஒரு பெட்டிக்காக இதை இரண்டு நாள் தேடினேன்.

மூன்றாவது, குச்சியின் அளவு. பெரியது நல்லது என்று நினைத்திருந்தேன். சில பழைய பயாஸ்கள் ஒரு வட்டின் முதல் 8.4 ஜிபியைத் தாண்டி எட்டாது. சில 137 ஜிபியில் நின்றுவிடும். அந்தக் கோட்டுக்கு அப்பால் எழுப்பும் கோப்பு இருந்தால் இயந்திரம் பாதி வழியில் உறைந்துபோகும். வென்டாய் என்று ஓர் அருமையான கருவி அதே 2020இல் வந்தது. குச்சியை ஒருமுறை அமைத்துவிட்டால், இயங்குதளக் கோப்புகளை அப்படியே நகல் எடுத்துப் போட்டால் போதும், எழும்போது பட்டியல் காட்டும். ஒரே குச்சியில் பத்து இயங்குதளம். ஆனால் அது தன் 32 எம்பி வேலைப் பகுதியைக் குச்சியின் கடைசியில் வைக்கிறது. 64 ஜிபி குச்சியின் கடைசி மூலை அந்தப் பழைய பெட்டிக்கு எட்டாத தூரம். மேசை இழுப்பறையில் கிடந்த 4 ஜிபி குச்சியில் வென்டாயை வைத்தபோது, அடம்பிடித்த இரண்டு பெட்டிகளும் எழுந்தன.

நான்காவது, சிப்பின் மொழி. 2002ஆம் ஆண்டுப் பென்டியம் 4க்கு 32 பிட்தான் தெரியும். 64 பிட் இயங்குதளத்தைக் கொடுத்தால், இந்தச் சிப்பில் நான் ஓட முடியாது என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். அந்த ஒரு வரியைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. குச்சி வேலை செய்கிறது, எழுப்பும் நிரல் ஓடுகிறது, கதவுவரை வந்துவிட்டோம் என்று பொருள். 32 பிட் இயங்குதளம் ஒன்றை அதே குச்சியில் சேர்த்தேன். பென்டியம் எம் சிப் வைத்த ஒரு பழைய மடிக்கணினி அதையும் மறுத்தது. பிஏஇ என்ற நினைவக வசதி தன்னிடம் இல்லை என்றது. உண்மையில் அந்தச் சிப்புக்கு அந்த வசதி உண்டு. தன் பட்டியலில் சொல்லாமல் விட்டிருக்கிறது. எழும் வரியில் 'ஃபோர்ஸ்பிஏஇ' என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் ஓடியது. பெயர் கூப்பிடும்போது கை தூக்கக் கூச்சப்படும் பிள்ளைகளை வகுப்பில் பார்த்திருக்கிறேன். அந்த மடிக்கணினியை இன்றும் எனக்குப் பிடிக்கும்.

பதினொன்றில் கடைசியாக மிஞ்சியது கோயில் கமிட்டியின் சொந்தப் பெட்டி. பென்டியம் 3. அதன் பயாஸுக்குக் குச்சியிலிருந்து எழலாம் என்பதே தெரியாது. எழுதியவர்கள் காலத்தில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. இங்கேதான் என் பழைய சட்டைப்பை வட்டு திரும்பி வந்தது. பிளாப் என்ற எழுப்பும் நிரல் ஒரு நெகிழ்வட்டில் அடங்கும். பெட்டி தனக்குத் தெரிந்த நெகிழ்வட்டிலிருந்து எழும். பிளாப் தன்னிடமே உள்ள யூஎஸ்பி இயக்கியால் குச்சியைக் கண்டுபிடித்து அதனிடம் ஒப்படைக்கும். பெரட்டுக் களத்தில் புதிதாக வந்தவரைப் பழைய ஆள் ஒருவர் கூட்டிப்போய், இவர் நம்ம ஆள்தான் ஐயா என்று சொல்வதுபோல. யூஎஸ்பி 1.1 துளையில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு எம்பிதான் ஏறும். 300 எம்பி இயங்குதளம் எழ ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே அங்கே 25 எம்பிக்குள் அடங்கும் டைனி கோர் லினக்ஸை வைத்தேன்.

சின்ன விஷயங்களும் உண்டு. குச்சியில் நினைவகச் சோதனை நிரல் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். பாதி 'கோளாறுகள்' நினைவகப் பட்டையின் பொன்முலாம் பூசிய முனையில் படிந்த அழுக்குதான், பென்சில் ரப்பரால் தேய்த்தால் போகும். தாய்ப்பலகையின் காசு வடிவ மின்கலம் தீர்ந்திருந்தால் கணினி தன் தேதியை 2002 என்று நினைத்துக்கொண்டிருக்கும். எந்தப் பாதுகாப்பான இணையதளமும் திறக்காது. பிள்ளைகள் இணையம் கெட்டுவிட்டது என்று வருவார்கள். தேதியைத் திருத்தினால் போதும். குச்சியிலேயே எழுதியதைச் சேமித்து வைக்கும் ஏற்பாட்டையும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை தட்டெழுதிய கட்டுரை மின்விசையை அணைத்ததும் மறைந்துவிடும். ஒரு பெண் பிள்ளைக்கு அப்படி நடந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் மறுபடி உட்கார்ந்து எழுதினாள். அன்றிரவே எல்லாக் குச்சிகளையும் மாற்றினேன்.

இந்தக் கணினிகள் நேரலை வகுப்புக்குப் போதவில்லை. 512 எம்பி நினைவகத்தில் ஆசிரியர் முகம் அசையாது. ஆனால் தரவிறக்கி வைத்த பாடத்தைப் படிக்க, தமிழில் எழுத, அச்செடுக்க, கணக்குப் போட முடிந்தது. தமிழ் எழுத்துருவும் தமிழ்99 விசைப்பலகையும் குச்சியிலேயே இருந்தன. கைப்பேசியில் பெருவிரலால் எழுதிப் பழகிய பிள்ளைகள் பத்து விரலால் 'தோட்டம்' என்று எழுதியதை நான் பார்த்தேன்.

அப்பாவின் கடைசி வேலை வருடங்கள் ஏணி வெட்டில் போயின. கித்தா மரத்தின் கீழ்ப்பட்டை தீர்ந்தபின், மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு முன், ஏணி போட்டு உயரத்தில் உளி வைப்பார்கள். நிரை முழுக்க ஏணியைத் தோளில் சுமந்து மரத்துக்கு மரம் போக வேண்டும். பழைய மரத்தில் பால் இல்லை என்று சொல்பவர்களிடம் அவர், இருக்கு, நீ எட்டுற இடத்துல இல்லை, அவ்வளவுதான் என்பார். மண்டபத்தில் ஒவ்வொரு பெட்டியிடமும் உட்கார்ந்தபோது அந்த ஏணியின் பாரம் எனக்குப் புரிந்தது. கம்பெனிக்குக் கடைசிச் சொட்டுவரை எடுத்துக் கொடுத்த அதே உழைப்பை, இங்கே எங்கள் பிள்ளைகளுக்காகச் செய்தோம் என்பது மட்டும் வேறு.

இப்போது வேலை கூடியிருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சிப் இல்லாத நல்ல கணினிகள் அலுவலகங்களிலிருந்து மூட்டை மூட்டையாக வெளியே வருகின்றன. அவை நான் சொன்ன பெட்டிகளைவிடப் பல மடங்கு வலுவானவை. ஒரு சாதாரண லினக்ஸ் குச்சியே போதும். இன்னொரு பக்கம், 32 பிட் கதவு மூடிக்கொண்டு வருகிறது. உபுண்டு 2017இலேயே 32 பிட் மேசைக்கணினிப் பதிப்பை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிக்கான நிறுவல் கோப்பு இல்லை. ஆகையால் டெபியன் 12இன் 32 பிட் கோப்பை நான் மூன்று குச்சிகளில் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். இதைப் படிப்பவர்களில் இந்த வேலை செய்பவர்கள் இருந்தால், அவர்களும் இன்றே எடுத்து வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோயில் பெட்டிக்கு வருகிறேன். டைனி கோர் எழுந்ததும், அதன் பழைய வன்வட்டைத் திறந்தேன். எழுத முடியாதபடி, படிக்க மட்டும். முதலில் முழுவதையும் குச்சிக்கு நகல் எடுத்தேன். கோப்புகளைத் திறந்தால் தமிழ் இல்லை, கொம்பும் கூரையும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளின் குவியல். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு மென்பொருளின் வழிவந்த முரசு அஞ்சலில்தான் அன்று கமிட்டிக்காரர்கள் தட்டெழுதுவார்கள் என்பது எனக்கு நினைவிருந்தது. குறியீட்டை மாற்றியதும் வரிகள் ஒவ்வொன்றாகத் தமிழாகின.

1998ஆம் ஆண்டுத் திருவிழா வரிப் பட்டியல். மேட்டு லயம், பள்ளத்து லயம், வீட்டு எண், பெயர், எத்தனை வெள்ளி. இடித்த லயங்கள் எந்த வரிசையில் நின்றன என்பது இப்போது அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. அதை அச்செடுக்காமல் அம்மாவை மண்டபத்துக்கே கூட்டி வந்தேன். திரை அருகே நாற்காலி போட்டு, நான் பெயர்களைப் படித்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பதினாலாம் நம்பர் தப்பு. அவங்க பதினாறு. பதினாலுல இருந்தது ஆயாக் கொட்டகைப் பாட்டி."

குறித்துக்கொண்டேன். எங்கள் வீட்டு எண் வந்தது. அப்பாவின் பெயர், முப்பது வெள்ளி.

"என் பேரு?"

குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள் என்றேன். மேலும் கீழும் தேடிக் காட்டினேன். இரண்டு லயத்திலும் பெண் பெயர் என்று மூன்றுதான் இருந்தது. மூவரும் கணவரை இழந்தவர்கள்.

"இருபத்திரண்டு வருசம் தினமும் பெரட்டுல என் பேரைக் கூப்பிட்டாங்கடா. அந்த முப்பது வெள்ளியில பாதி என் ஒட்டுப்பால் காசு."

நகலைத் திறந்து, அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் திரைச் சுட்டியை வைத்தேன். பழைய விசைப்பலகை, எழுத்தெல்லாம் தேய்ந்திருந்தது. அம்மா பெயரை எப்படி எழுத வேண்டும், தோட்டப் பேரேட்டில் எழுதியபடியா, பாட்டி வைத்தபடியா என்று கேட்டேன். பாட்டி வைத்தபடி என்றார். எழுதினேன். பிறகு அடுத்த வீட்டைச் சொல்லச் சொன்னேன்.